பக்கத்து வீட்டு டெக்கும் என் நாத்தனாரின் வெயிலும்

ஒரு மனிதனைத் தரையிலிருந்து நாலரை அடி உயர்த்தி நிறுத்தினால் அவன் என்ன ஆவான் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். எங்கள் பக்கத்து வீட்டு டாக்டர் ஆனது மாதிரி ஆவான். இத்தனை வருஷம் கழித்தும் யாராவது வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் போட்டுவிட்டு, "வாங்க, எங்க புது டெக்கைப் பாருங்க" என்று கூப்பிட்டால் எனக்கு வயிறு எரிகிறது. மற்றவர்கள் குனிந்து பலகையைத் தட்டிப் பார்ப்பார்கள், ஆணி துருப்பிடிக்காததா என்று கேட்பார்கள். நான் அதன்மேல் நின்று அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பி, அங்கே என்னென்ன தெரிகிறது என்று பார்ப்பேன்.

மாண்ட்ரியலில் ஒலிம்பிக்ஸ் நடந்ததற்கு முந்தின வருஷம் அது. என் கணவருக்கு சென்ட் லோரன்ட்டில் விமான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. டொலார்ட் என்ற புறநகரில் வீடு வாங்கிக் குடிவந்து சில குளிர்காலம் தாண்டியிருந்தோம். பக்கத்து வீடு விலைக்கு வந்ததும், "நம்ம ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று ஊரெல்லாம் போன் போட்டு ஒரு தமிழ் டாக்டரைப் பிடித்து வந்தவர் இவர்தான். மதுரைக்காரர், ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர். மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்வதென்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சாவி வாங்கின அன்று பால் காய்ச்ச நானே பாத்திரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த மே மாதம் என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, எங்களிடம் வந்து சேர்ந்தாள். தஞ்சாவூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கையிலும் கழுத்திலும் முதுகிலும் தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருக்கும். வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. ஆனால் நம் ஊர் அதற்கு வெண்குஷ்டம் என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயர் காதில் விழுந்தால் போதும், பஸ் கண்டக்டர் கூட மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் சீட்டில் போடுவான். பிள்ளைகளின் பெற்றோர்கள் கூட்டமாகப் போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் முறையிட்டார்கள். அந்த அம்மாள், "உடம்பு சரியானதும் வாங்க டீச்சர், உங்க இடம் அப்படியே இருக்கும்" என்று இனிக்க இனிக்கப் பேசி அவளை லீவில் அனுப்பி வைத்தாள். எவ்வளவு லீவு என்றால், அடுத்த பள்ளி வருஷம் பாதியாகும் வரைக்கும். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

வைத்தியம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு மாத்திரை விழுங்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, வெளுத்த இடமெல்லாம் படும்படி வெயிலில் உட்கார வேண்டும். வெயிலுக்காகத் தஞ்சாவூரிலிருந்து மாண்ட்ரியலுக்கா என்று என் அம்மாவே கேட்டாள். வெயில் அங்கே கொட்டித்தான் கிடந்தது. மறைவுதான் இல்லை. ஒரு முற்றத்துக்கு நாலு குடித்தனம், மேலே பார்த்தால் நாலு பக்கமும் மொட்டைமாடி, மாடிக்கு மாடி ஒரு தலை. அங்கே ஒரு பெண் முதுகைத் திறந்துபோட்டு எங்கே உட்காருவாள்? எங்கள் வீட்டுத் தோட்டம் இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். பின்பக்கமும் வடக்குப் பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த சீடர் செடிகள், சுவர் மாதிரி. தெற்கே டாக்டர் வீட்டுப் பக்கம் ஆறடிப் பலகை வேலி. ஈ எறும்பு கூட எட்டிப் பார்க்க முடியாது.

தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய மேப்பிள் மரம் இருந்ததால், பாதி இடத்துக்கு மேல் எப்போதும் நிழல்தான். மத்தியானத்துக்கு மேல் எங்கள் வீட்டு நிழலே மீதியையும் மூடிவிடும். காலையில் மட்டும், டாக்டர் வீட்டு வேலியை ஒட்டி, பாய் விரித்த அகலத்துக்கு நல்ல வெயில் விழும். அங்கேதான் அவளுக்கு நாற்காலி. பழைய ரவிக்கை ஒன்றின் முதுகை நான் கத்தரியால் வெட்டிக் கொடுத்தேன். மாத்திரை கண்ணைக் கெடுக்கும் என்று தோல் டாக்டர் சொல்லியிருந்ததால் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வாள். "சினிமாக்காரி மாதிரி இருக்கேன்ல அண்ணி?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் தலை பின்னிவிடும்போது அவள் கழுத்தைப் பார்த்து நான் கத்திவிட்டேன். வெள்ளைத் திட்டுக்குள்ளே பழுப்பாகப் புள்ளிகள், கடுகு தெளித்த மாதிரி. தோல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நிறம் திரும்புகிறது, இந்தக் கோடை முழுக்க விடாமல் வெயில் பட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், நடுவில் விட்டால் அப்படியே நின்றுவிடும் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் காரின் கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கையென்றால் அவருக்கு உயிர்தான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

அந்த மாதமே டாக்டருக்கு டெக் ஆசை வந்தது.

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அடுப்படிக் கதவு தரையிலிருந்து நாலரை அடி மேலே இருக்கும். மரப்படி வைத்து இறங்குவோம். டாக்டர் அந்தக் கதவு மட்டத்திலேயே ஒரு பெரிய மரத்தளம் போட ஓர் இத்தாலியக் காண்டிராக்டரைக் கூட்டி வந்தார். தூண் நட்டு, சட்டம் போட்டு, பலகை அடித்து, எங்கள் வேலிக்கு ரெண்டடி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேலே ஏறி நின்றால் எங்கள் ஆறடி வேலி அவருக்கு முழங்காலுக்கு வந்தது. தினைப்புனத்தில் குருவி விரட்டப் பரண் கட்டுவார்களே, அப்படி. கீழே உட்கார்ந்திருந்த குருவி யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆணி அடித்த நாட்களில் அவள் வெளியே வரவில்லை. வேலை முடிந்த மறுநாள் காலையில் சத்தமில்லையே என்று போய் உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று அவள் தலைக்கு மேலே டாக்டரின் குரல்.

"என்னம்மா, லூகோடெர்மாவா? எத்தனை நாளா இருக்கு? முதுகுலதான் ஜாஸ்தி போல."

கையில் காபிக் கோப்பையோடு வேலிக்கு மேலே குனிந்து நின்றார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்தாள். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருந்திருந்தால் திரும்பிக்கொண்டிருப்பார். காபியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

அன்று சாயங்காலமே நான் அவர் மனைவியிடம் போனேன். எங்களைவிட வயதில் சின்னவள். வாய்க்கு வாய் அக்கா போடுவாள். அவர்கள் டெக்கில் எங்கள் பக்கம் மட்டும் ஒரு தட்டி வைத்தால் நன்றாக இருக்கும், செலவை நாங்களே ஏற்கிறோம் என்றேன்.

"என்னக்கா நீங்க! நமக்குள்ள என்னக்கா மறைப்பு? தட்டி வெச்சா காத்து வராதுன்னு அவர் சொல்றாரு. அந்தப் பொண்ணு வேணா உள்ள ஜன்னல்கிட்ட உக்காரட்டுமே!" என்று சொல்லிவிட்டு, எனக்கு முறுக்கு எடுத்து வைத்தாள். அந்த முறுக்கைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

ஒரு வாரம் ஒளிந்து விளையாடினோம். டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, அவர் மனைவியின் கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு, நான் வாசலில் காவல் நிற்க, அவள் ஓடிப்போய் உட்காருவாள். முதுகைக் கொடுத்துக்கொண்டு காதை அந்தப் பக்கமே வைத்திருப்பாள். கதவு கிறீச்சென்றால் எழுந்துவிடுவாள். கொடியில் பெட்ஷீட் போட்டுப் பார்த்தோம். அது வெயிலைத்தான் மறைத்தது. சனி ஞாயிறு முழுக்க அவர்கள் டெக்கிலேயே குடியிருந்து கோழி சுட்டுத் தின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் இவரிடம் சொல்லாமல் நகராட்சி ஆபீசுக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்த பெண் பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்லி ஆரம்பித்து, என் முழியைப் பார்த்ததும் இங்கிலீஷுக்கு மாறினாள். நான் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். உயரமான மேடை கட்டினால் எல்லை வேலியிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குள் பார்வை விழாதபடி தட்டி வைக்க வேண்டும், விதி இருக்கிறது என்றாள். அடுத்த வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்ப்பார், மாற்றச் சொல்வார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்னிய ஊர்க்காரி ஒருத்திக்கு எங்கள் வீட்டுப் பெண் முதுகின் அருமை தெரிந்திருக்கிறது பாருங்கள்! வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம், "கவலைப்படாதே, ரெண்டு வாரத்துல தட்டி வந்துடும்" என்று சொல்லிப் பாயசம் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு சாயங்காலம் வந்தார். பிரெஞ்சுக்காரர், நரைத்த மீசை, இடுப்பில் அளவு நாடா. என் கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். அவர் சட்டையைக் கூட மாற்றுவதற்குள் டாக்டரும் சிரித்த முகமாக எங்கள் தோட்டத்துக்குள் வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் அளந்தார். தலையை ஆட்டினார். இது விதிப்படி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் தட்டி வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லி, என் கணவரைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு ஆட்சேபணை உண்டுதானே?" என்று கேட்டார்.

இவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு!

"நோ, நோ. நோ அப்ஜெக்‌ஷன். ஹி இஸ் லைக் மை ஓன் பிரதர்."

"ஆனால் மேடம்தானே வந்து புகார் கொடுத்தார்கள்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவளுக்கு விஷயம் தெரியாது. லேடீஸ், யூ நோ" என்று சொல்லி இவர் மறுபடியும் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். நான் அங்கேயே நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னங்க சொன்னீங்க? என்ன சொன்னீங்க அந்த ஆள்கிட்ட?"

"கத்தாதே. ஒரு வெள்ளைக்காரன் முன்னாடி நம்ம ஆளையா விட்டுக்குடுக்கச் சொல்றே? நாளைக்கு என்ன நினைப்பான்? இந்தியாக்காரனுங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறானுங்கன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்லிச் சிரிப்பான். நான் டாக்டர்கிட்ட தனியா, பக்குவமா பேசிக்கறேன்."

"வெள்ளைக்காரன் சிரிக்கக் கூடாது. உங்க தங்கச்சி மட்டும் அழலாமா?"

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போனார். அந்தப் பக்குவமான பேச்சு நடக்கவே இல்லை. இப்படித்தான் நம்மவர்கள். வெளியாள் முன்னால் மானத்தைக் காப்பாற்ற வீட்டிலிருக்கிறவளைத் தூக்கிக் கொடுப்பார்கள், அதற்குப் பெருந்தன்மை என்று பெயரும் வைத்துக்கொள்வார்கள்.

நான் நகராட்சிவரை போனது டாக்டருக்குத் தெரிந்துபோயிற்று அல்லவா? அதற்குப் பழி வாங்கினார். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக்குக்குத் திறப்பு விழா மாதிரி விருந்து வைத்து, லாசாலிலும் நகரத்துக்குள்ளும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டார். எங்களையும்தான். போகாவிட்டால் நன்றாக இருக்காது என்றார் இவர். நாத்தனார் வரவில்லையென்று வீட்டில் இருந்துவிட்டாள்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லார் கையிலும் எவர்சில்வர் தட்டு. டாக்டர் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு எங்கள் தோட்டத்தைக் காட்டினார்.

"சார், தங்கச்சியை வரச்சொல்லுங்க. கீழ உக்காந்து என்ன பிரயோஜனம்? இங்க உயரம், வெயில் இன்னும் நல்லாப் படும்!" பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "வெண்குஷ்டம்னு ஊர்ல சொல்வாங்களே, அதுதான். முதுகு முழுக்க. ஒட்டாது, யாரும் பயப்பட வேண்டாம். நான் டாக்டர் சொல்றேன்" என்றார்.

பயப்பட வேண்டாமாம்! அதுவரை யாருக்கும் தெரியாது. எல்லாத் தலையும் வேலிக்கு மேலே நீண்டது. என் கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. தட்டிலிருந்த கேசரியைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

எங்கள் அடுப்படி ஜன்னல் திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள். போர்வையில்லை, முழுக்கை ரவிக்கையில்லை. சாதாரணச் சேலை, குட்டைக் கை, தலையை வாரி முடிந்திருந்தாள். தெரு வழியாகச் சுற்றி வந்து படியேறி மேலே வந்து, "வணக்கம் டாக்டர், கூப்பிட்டீங்களாமே" என்றாள். பக்கத்திலிருந்த ஒருத்தி தன் மகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். டாக்டரின் மனைவி உள்ளே போய் அவளுக்குச் சாப்பாடு போட்டு எடுத்து வந்தாள், காகிதத் தட்டில்.

அவள் தட்டைப் பார்த்தாள். எங்கள் தட்டுகளைப் பார்த்தாள். "ஒட்டாதுன்னு உங்க வீட்டுக்காரர் இப்பத்தானே சொன்னாரு? நீங்க கேக்கலியா?" என்றாள். அவள் அவசரமே இல்லாமல் உட்கார்ந்து, ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டாள். எனக்குப் பெருமையில் நெஞ்சு வெடிக்கும் போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய் அவள் வாந்தி எடுத்த சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் டெக் பக்கமிருந்து டெட்டால் வாசனை வந்தது. அவள் உட்கார்ந்த நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு டாக்டரின் மனைவி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஹோஸ் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக ஒழுகி எங்கள் வேலியடியில் தேங்கியது.

அடுத்த வாரம் அதே இத்தாலியர் லாரியில் பலகைகளோடு வந்தார். டெக்கின் எங்கள் பக்கத்து ஓரம் முழுக்க, ஆள் உயரத்துக்கு, ஒரு விரல் இடுக்குக் கூட இல்லாமல் அடைத்துவிட்டுப் போனார். ஒரு மாதமாக நான் கெஞ்சின தட்டி. காசு கேட்கவில்லை, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. என் கணவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, மனுஷன் புரிஞ்சுக்கிட்டான். இதுக்குத்தான் பொறுமை வேணும்னு சொன்னேன்" என்றார்.

காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு அவள் நாற்காலியோடு இறங்கினாள். நின்றாள். நாலரை அடி மேடை, அதற்கு மேல் ஆறடிப் பலகை. அதன் நிழல் வேலியைத் தாண்டி விழுந்து மேப்பிள் மர நிழலோடு போய்ச் சேர்ந்திருந்தது. நாற்காலியை அங்கே வைத்தாள், இங்கே வைத்தாள். வெயில் டாக்டரின் தோட்டத்தில் பளபளவென்று அடித்தது. எங்கள் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கூட இல்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்து, "பரவாயில்ல அண்ணி, நாளைக்குப் பாக்கலாம்" என்று நாற்காலியை மடக்கினாள். நாளைக்கு என்ன, சூரியன் பக்கம் மாறிவிடுமா?

இந்தத் தடவை இவரே டாக்டரிடம் போனார். டாக்டர், "என்ன சார் இது, நீங்கதானே கேட்டீங்க? உங்க மிஸஸ் நகராட்சி வரைக்கும் போனாங்களே" என்று வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாராம். பிறகு இவரே நகராட்சிக்குப் போன் போட்டார். அதே இன்ஸ்பெக்டர் வந்தார், அதே நாடாவைப் பிடித்தார். இப்போது எல்லாம் விதிப்படி சரியாக இருக்கிறது என்றார். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பதற்கு விதி உண்டு. வெயில் வர வேண்டும் என்பதற்கு விதி இல்லை. மிகவும் வருத்தம் என்று சொல்லிவிட்டு அவர் போனார், நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் காரில் பூங்காக்களுக்குக் கூட்டிப்போனோம். கூட்டத்தில் எந்தப் பெண் ரவிக்கையின் முதுகைத் திறந்து உட்காருவாள்? கையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆகஸ்ட் முடிவதற்குள் தோல் டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முதுகிலும் கழுத்திலும் கடுகுப் புள்ளிகள் கடுகாகவே நின்றுவிட்டன. அந்த வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவள் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள்.

செப்டம்பரில் டோர்வால் விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனோம். என் கணவருக்குக் குரல் உடைந்திருந்தது. "அடுத்த சம்மருக்கு வா பாப்பா. இந்த வீட்டை வித்துட்டு, சுத்தி யாருமே இல்லாத இடமாப் பாத்து வாங்கிடறேன். உனக்காக எதுவும் செய்வேன்" என்றார்.

"வீட்டையெல்லாம் விக்காதீங்கண்ணா" என்றாள் அவள், கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டே. "அன்னிக்கு அந்த இன்ஸ்பெக்டர் உங்களைக் கேட்டப்ப நான் ஜன்னலுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் புரியும்ண்ணா."

வீட்டுக்கு வரும் வழியில் இவர் சிக்னலில் பச்சை விழுந்தும் காரை எடுக்காமல் அழுதார். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கிறான், வண்டியை எடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.